நாலாவது சீட்

அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்கிறது வேதம்.
ஆன்டாப் ஹில்லில் எங்களுக்கு இருப்பதே ஒரு அறை.
பத்துக்குப் பன்னிரண்டில் ஐந்து பேர்.
பூட்டக்கூடிய ஒரே கதவு குளிக்கிற மூலையுடையது,
அதையும் ஐந்தேகாலுக்கு மாமனார் தட்டிவிடுவார்.

ஆகவே என் ஜெப அறை
ஜிடிபி நகரில் ஆறு ஐம்பத்திரண்டுக்கு வந்து நிற்கும்
பெண்கள் பெட்டி.
கண்ணை மூட மாட்டேன், மூடினால் பை போய்விடும்.
கம்பியைப் பிடித்த கைதான் ஏறெடுத்த கை.

வடாலாவில் பிள்ளைகள்.
சிவ்ரியில் மாமனாரின் சர்க்கரை.
காட்டன் கிரீனில், வேலை போனதிலிருந்து
யாரோடும் பேசாத என் வீட்டுக்காரர்.
ரே ரோடில் யாருக்காகவும் இல்லை, சும்மா இருப்பேன்.
சும்மா இருப்பதும் ஜெபம்தான் என்று
ஒரு தியானக் கூட்டத்தில் சொன்னார்கள்.
எனக்கு அது பெரும்பாலும் தூக்கத்தில் முடிகிறது.

டாக்யார்டில் பரமண்டல ஜெபம் தொடங்கினால்
மஸ்ஜித் வருவதற்குள் ஆமென்.
போன ஆகஸ்டு வரை அப்படித்தான்.
இப்போது ஆகாரம் கேட்கிறவரை வாய் வருகிறது,
அடுத்து கடன் என்கிற சொல்.
சிக்னல் கிடைக்காத வண்டிபோல்
அங்கேயே நிற்கிறேன்.

நாற்பத்திரண்டாயிரம்.
எப்சிபா, மகன் அட்மிஷனுக்கு என்று வாங்கியது.
கோயிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறாள்.
ஐயருடைய பிரசங்கத்தைவிட
அவள் பின்னங்கழுத்தை நான் நன்றாக அறிவேன்.

கணக்கெழுதுவதுதான் என் பிழைப்பு.
வராக்கடன் என்று ஒரு தலைப்பு உண்டு.
மார்ச் கடைசியில் பட்டியலை நீட்டினால்
சேட்ஜி டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்,
மூன்று லட்சம், நான்கு லட்சம், போகட்டும் என்று.
அவர் எந்தக் கோயிலுக்கும் போய் நான் பார்த்ததில்லை.

லெந்து வெள்ளிகளில் உபவாசம்.
வாடிய முகம் காட்டக்கூடாதே என்று
பவுடர் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுக்கொள்வேன்.
ஷர்வரி கண்டுபிடித்துவிட்டாள்.
"உபவாசமா? அப்போ சாபுதானா கிச்சடி சாப்பிடலாமே."
எங்கள் உபவாசத்தில் அதுவும் கிடையாது என்றேன்.
"உங்க சாமி ரொம்பக் கண்டிப்பு" என்று
டப்பாவை மூடினாள்.
கண்டிப்பு சாமியிடமா என்னிடமா என்று
அன்று முழுவதும் கூட்டல் தப்பிக்கொண்டே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்
எனக்கு மூன்றாவது சீட், ஜன்னலிலிருந்து.
டாக்யார்டில் எப்சிபா ஏறினாள்.
ஆபீஸ் வேலை என்றுதான் சபையில் சொல்லியிருந்தாள்.
நீலச் சட்டை, பையில் மடித்த கையுறை,
கிட்டே வந்ததும் பினாயில் வாசனை.
என்னைப் பார்த்தாள்.
பார்க்காததுபோல் கம்பியைப் பிடித்தாள்.

கேட்க வேண்டியதை ஏழு மாதமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.
தேதிகளோடு.
பசியில் குரல் எழும்பவில்லை, அதுதான் உண்மை.
அன்பு என்று எழுதினால் பொய்க்கணக்கு.

சிவ்ரியில் நாலாவது சீட்டுக்காரி கூடையோடு இறங்கினாள்.
நான் நகர்ந்தேன்.
நாலு விரல் இருக்கும்.
எப்சிபா அரை உடம்போடு உட்கார்ந்தாள்,
விழாமலிருக்க என் தோளில் அழுந்தியாக வேண்டும்.
அழுந்தினாள்.

வடாலா தாண்டி, முகத்தைத் திருப்பாமலே
பையைத் துழாவி
கடலை மிட்டாயை இரண்டாக உடைத்து
ஒரு பாதியை என் முழங்கால்மேல் வைத்தாள்.
உபவாசம் முடிக்க இன்னும் அரைமணி இருந்தது.
தின்றேன்.

வரவில் வைப்பதா, எதில் வைப்பதா தெரியவில்லை.
நாற்பத்திரண்டாயிரம் அப்படியேதான் இருக்கிறது.

இன்று காலை டாக்யார்டில் தொடங்கினேன்.
ஆகாரம் தாண்டியது. கடன் என்று சொன்னேன்.
எங்கள் என்பதுவரை சொல்லிவிட்டேன், சத்தமில்லாமல்.
அவள் பெயர் வர வேண்டிய இடத்தில்
பல்லிடுக்கில் வெல்லம் இன்னும் இருப்பதுபோல் இருந்தது.
அதற்குள் மஸ்ஜித்.
பின்னாலிருந்து தள்ளுகிறார்கள்,
இறங்க வேண்டும்.