பல வைத்தியர்

கம்பனிக்காரர் கடைசியாய் அனுப்பிய கடிதம்
மூன்றே வரி.
இந்த மாதிரியை இனிச் செய்யமாட்டோம்.
மையும் வராது, உதிரிப்பாகமும் வராது.
இவ்வளவு காலம் கூட இருந்ததற்கு நன்றி.

நன்றியை நாலாய் மடித்து
ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தேன்.
மேசை நின்றது.
அந்தளவுக்கு உதவினார்கள்.

வினிபெக்கில் தை மாதம், வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே ஹீட்டர் காற்றை வறுக்கிறது.
பிரிண்டரின் தலையில் மயிரிழைத் துளைகள்,
நிறத்துக்கு நூற்றெண்பது,
ஒவ்வொன்றாய் மை காய்ந்து கண்மூடுகின்றன.
ரைஸ் குக்கரில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு
மூடியில்லாமல் பக்கத்தில் வைத்திருக்கிறோம்.
வருகிறவர்கள் மூக்கைச் சுழித்து
சோறோ என்று கேட்பார்கள்.
மெசினுக்குக் கஞ்சி என்பான் ரொடெல்.

காகிதத்துக்கென்று பிறந்த மெசின்.
அலுமினியத் தகட்டை நீட்டினால்
அந்த மினுக்கத்தில் அதன் சென்சார் கூசிப்போய்
தாள் இல்லை என்கிறது.
தாள் இல்லை.
தாள் இல்லை.
வாய்க்குள் வைத்துக்கொண்டு சொல்கிறாயேடா!
மூன்று கிழமை இப்படிப் போனது.
பிறகு ரொடெல், மகளின் ஹாக்கி மட்டையில் சுற்றியிருந்த
கறுப்பு நாடாவில் ஒரு விரலளவு வெட்டி
தகட்டின் முதுகில், முன்விளிம்போடு ஒட்டினான்.
நம்பிவிட்டது.
ஏமாற்றியதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம்.
அவனுக்கு இல்லை.

மைக்குப்பியில் ஒரு சிப்.
பாதி மை இருக்கும்போதே
முடிந்தது என்று கணக்கை மூடிவிடும்.
அதன் ஞாபகத்தை அழிக்க ஒரு சின்னக் கருவி,
விலை ஆறு டொலர்.
மறதி இவ்வளவு மலிவாய்க் கிடைக்கும் என்று
யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை.

தகட்டில் விழுந்த மையைச் சுட்டால்தான் பிடிக்கும்.
நூற்றைம்பது பாகை, மூன்று நிமிடம்.
உயிரோடிருந்த காலத்தில் கம்பனி
தன் அடுப்புக்கு ஏழாயிரம் கேட்டது.
மூடிப்போன பீட்சாக் கடையொன்றில்
சங்கிலி ஓடும் அடுப்பை நானூற்றைம்பதுக்குத் தந்தார்கள்,
தூக்க வந்த பையன்களுக்குச் சாப்பாடு தனி.
முதல் தகடு மறுபக்கம் வந்தபோது
கடை முழுக்க ஒரேகானோ மணம்.
உக்ரேனியத் தேவாலயத்தின் விருந்துச் சீட்டு
அந்தத் தகட்டில்தான் அச்சானது.
பொருத்தம் என்றார் பாதிரியார்.
ஏனென்று நாங்கள் சொல்லவில்லை.

இரண்டாவது வேலை நிருத்தனாவின் துண்டுப்பிரசுரம்.
பல் வைத்தியர். புதிய கிளினிக். தமிழும் பேசப்படும்.
எண்ணூறு ஓட்டி முடித்த பிறகுதான்
என் கண்ணில் பட்டது.
நாற்பத்து மூன்றாம் துளை அடைத்திருக்கிறது,
தலைப்பின் உச்சியில் மயிரளவு வெள்ளைக் கோடு,
அந்தக் கோட்டில் நின்ற புள்ளிகள் எல்லாம் போய்விட்டன.

பல வைத்தியர்.

போனில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு, ஒருத்திதானே இருக்கிறேன்,
மற்றவர்களுக்குச் சம்பளம் யார் கொடுப்பது என்றாள்.
அதில் ஐம்பது எடுத்து வைக்கச் சொன்னாள்,
அம்மாவுக்கு அனுப்ப.

ஊசியால் வெந்நீர் செலுத்தி
அந்தத் துளையோடு இரவு பதினொன்றுவரை மல்லுக்கட்டினேன்.
காகிதத்தில் சோதனைக் கோடு.
விட்டுவிட்டு.
விட்டுவிட்டு.
முழுசாய்.
புதுத் தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
ல் மேல் ஒரு கடுகு உட்கார்ந்திருந்தது.

சாஸ்கட்டூனில் மூடிய கடையொன்றிலிருந்து வாங்கிய மை
பதினொரு குப்பி. இப்போது ஏழு.
முடிந்தால் என்ன செய்வாய் என்று
கணக்காளர் வருடா வருடம் கேட்பார்,
இந்த வருடம் முன்கூட்டியே கேட்டுவிட்டார்.
பதில் சொல்லாமல் பின்னறையை எட்டிப் பார்த்தேன்.
ரொடெல் முகமூடி போட்டுக்கொண்டு
எதையோ கரண்டியால் கலக்குகிறான்.
எட்டாவது குப்பி.
அதன் வயிற்றில் அவன் கையெழுத்தில் ஒரு லேபிள்:
பரிசோதனை. சாப்பிட வேண்டாம்.