கேட்காத வண்டி

எனக்குத் தந்த வேலை
சத்தங்களிடம் போய் நிற்கச் சொல்வது.

முதலில் தேவாலயத்தின் ரேடியேட்டர்கள்.
சூடு ஏறும்போது டிக்கென்று சொடுக்கும்,
திருகை மூடினேன்.
பிறகு சுவர்க்கடிகாரம்.
பெண்டுலத்தைக் கையுறையோடு பிடித்தேன்,
இரண்டு நாள் அங்கே மணி பத்து நாற்பது.
மீன் கொட்டகையின் ஜெனரேட்டருக்கு
மேலாளர் தினம் ஒரு மணி நேரம் தந்தார்;
பதிலுக்கு உறையில் தன் பெயர் வேண்டும், பதவியோடு.
நாய் ஒன்று. அதற்கு முழு சாசேஜ்.
கடற்காகங்களிடம் நான் பேசிப் பார்க்கவில்லை.

தோர்டிஸ் வயோலாவைக் கோட்டுக்குள் வைத்துக்
கதகதப்பாக்கிக்கொண்டிருந்தாள்.
விரல்நுனி வெட்டிய கையுறை,
வாயருகே வெண்புகை.
வாசிக்கவிருந்தது ஔடுன் ஸ்கார் எழுதியது.
இதே கடற்கரையில் முப்பது வருடம்
கடிதங்களுக்கு முத்திரை குத்தியவர்;
தந்திப் படிவங்களின் பின்பக்கத்தில்
கோடு கிழித்து ஸ்வரம் எழுதியிருக்கிறார்.
இரண்டாம் பகுதியின் நடுவே
பதினொரு நொடிக்கு எதுவும் இல்லை.
மேலே பென்சிலில் ஒரு சொல்: பனி.

அந்தப் பதினொரு நொடிதான் எங்களை வதைத்தது.
முதல் தடவை கூரை மரம் நெட்டி முறித்தது.
ஐந்தாம் தடவை என் வயிறு.
ஒன்பதாம் தடவை எல்லாம் சரி,
ஆனால் தோர்டிஸே மூக்கை உறிஞ்சிவிட்டாள்.
பன்னிரண்டாம் தடவை
குன்வோர் ஹெட்ஃபோனை இறக்கிச் சொன்னாள்:
"தூரத்தில் ஏதோ தரையைச் சுரண்டுகிறது."
எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.
அவளுக்குக் கேட்டால் கேட்டதுதான்.

ஓடினேன்.
இரண்டு வளைவு கீழே மஞ்சள் விளக்கு சுழல,
ஹால்வரின் பனி அள்ளும் வண்டி.
கண்ணாடியை இறக்கினான்.
"எவ்வளவு நேரம்?"
"இருபது நிமிடம்."
"பனியிடமும் சொல்லிவிட்டாயா?"

சாவியைத் திருகினான்.
விளக்கையும் அணைத்தான்.
விளக்குக்குச் சத்தம் கிடையாது என்று
நான் சொல்லவில்லை.

திரும்பிப் போனால் கதவு கிரீச்சிடும்.
அதனால் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.
பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றினான்.
இருவரும் ரகசியக் குரலில் பேசினோம்,
அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தும்.
மேட்டு வீட்டுக் கிழவருக்குப் பத்தரைக்கு ஊசி,
யோருன் கார் இன்று ஏறாது என்றான்.
குறையாகச் சொல்லவில்லை,
மணி சொல்வது போலச் சொன்னான்.

பதினைந்து நிமிடத்தில் அவள் வந்தாள், நடந்து.
தோளில் மருந்துப் பை, நெற்றியில் டார்ச்,
முழங்கால்வரை வெள்ளை.
எங்களைப் பார்த்துக் கை உயர்த்தினாள்.
நானும் உயர்த்தினேன்.
அவள் காலடியில் ஒரு சத்தமும் இல்லை.

இருபது நிமிடம் நாற்பதாயிற்று.
கண்ணாடி முழுக்க மூடிக்கொண்டது.
உள்ளே பதினேழாம் தடவை எடுத்துக்கொண்டிருந்தார்கள்,
உறையில் இருப்பது அதுதான்.
அதை வாசித்தபோது நான் கேட்கவில்லை.

கோபன்ஹேகனில் ஒரு விமர்சகர்
மௌனத்தில் கலப்படமே இல்லை என்று எழுதினார்.
உறையின் உள்பக்கம் நன்றிப் பட்டியல்:
திருச்சபை, கலைக் கழகம்,
மீன் கொட்டகை மேலாளர், பதவியோடு.
ஹால்வர் இல்லை. யோருன் இல்லை.
பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்.

வீட்டில் போட்டுக் கேட்கிறேன்.
நான்காம் நிமிடம் வில் தந்தியை விட்டு எழுகிறது.
ஸ்காருக்கு அது பனி.
குன்வோருக்கு, அப்பாடா.
எனக்கு மட்டும் அங்கே
ஒரு முழங்கால் எழுந்து எழுந்து புதைகிறது.

மறு குளிர்காலம்
ஒரு சிடியை எடுத்துப் போனேன், அவனுக்கென்று.
வண்டியில் வெறும் ரேடியோதான்.
புரட்டிப் பார்த்தான், நன்றி என்றான்,
இறங்கி அதன் விளிம்பால்
முன்கண்ணாடியின் உறைபனியைச் சுரண்டத் தொடங்கினான்.

நல்ல கெட்டியான பெட்டி என்றான்.
சுரண்டும் சத்தம்
ஒவ்வொரு இழையும் தனித்தனியாக,
அவ்வளவு துல்லியம்.