என்ன வேணும்

வைத்திக்குப்பத்தில் கொட்டிய கருங்கற்களின் இடுக்கில்
நீர் வற்றும் நேரம் இன்று ஐந்தே கால்.
ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், தேய்ந்த டூத் பிரஷ்.
சுரண்டி எடுக்கிறேன்
இறகு இறகாய் ஒரு பச்சையை.
வலை உதறிக்கொண்டிருந்த அஞ்சப்பன் கேட்கிறார்:
"இந்தப் பாசியத் தின்னவாம்மா?"
தின்ன முடியாது.
மீனே கடித்துப் பார்த்துத் துப்பிவிடும்.
"அப்ப வெவரமானதுதான்" என்கிறார்,
பாசியா மீனா என்று சொல்லாமல்.

ஒரு விரல் நீளம்.
அவ்வளவும் ஒரே செல்.
உள்ளே சுவரில்லை, தடுப்பில்லை.
முத்தியால்பேட்டையில்
ஓர் அறையையே வீடு என்று சொல்லி வாடகை தருபவளுக்கு
அதை விளக்க வேண்டியதில்லை.
அதற்குள் இருக்கின்றன பாக்டீரியாக்கள்.
மேலே ஒட்டிக்கொண்டு அல்ல,
உள்ளே,
பச்சைமணிகள் நீந்தும் அதே குழம்பில்.

மீனைத் துப்பவைக்கும் நஞ்சு
பாசியின் கைவேலை இல்லை.
உள்ளிருப்பவை காய்ச்சுவது.
வெளியே பிழைக்கும் வித்தைகளை
அவை ஒவ்வொன்றாய் மறந்துவிட்டன.
மரபணுவில் அந்தப் பக்கங்களே இல்லை.
கிழித்ததா கழன்றதா
யாரும் பார்க்கவில்லை.

ஆய்வேட்டுக்கு எனக்கு வேண்டியது
உள்ளே எதுவுமில்லாத ஒரு பாசி,
ஒப்பிட்டுப் பார்க்க ஒரு தனிமை.
ஐந்து வகை ஆன்டிபயாடிக்.
ஆறு வாரம், ஆறு முறை.
சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்
மறுபடி மினுக்கும்
அடுத்த தெரு டியூப்லைட் மாதிரி, விட்டு விட்டு.
நோட்டில் எழுதினேன்: மாசு.
அடுத்த வாரமும்: மாசு.
நான்காம் முறை எழுதுகையில்
பேனா கொஞ்சம் நின்றது.

பொறுமை போய் ஒருநாள் கத்தரியால் வெட்டினேன்.
வழிந்தது உப்புநீரில் பச்சைக் கஞ்சி.
சரி, செத்தது என்று கை கழுவப் போனேன்.
திரும்பி வந்தால்
உருண்டை உருண்டையாய்த் திரண்டு கிடக்கிறது.
சாயங்காலத்துக்குள்
ஒவ்வோர் உருண்டையும் தனக்கொரு தோல் நெய்துகொண்டது.
உள்ளே பார்த்தேன்.
அங்கேயும் இருந்தன.
வீடே உடைந்து கொட்டியபோதும் கூடவே.
போக வேறிடம் இல்லாததை
அன்பு என்று சொல்லலாமா
எனக்குத் தெரியவில்லை.
தெரிந்ததாய் ஆய்வேட்டில் எழுத முடியாது.

மத்தியானம் குடிமைப்பொருள் அலுவலகம்.
டோக்கன் அறுபத்தொன்று.
என் சிவப்பு அட்டையில் ஜெசிந்தாவின் பெயரைச் சேர்க்க
இது மூன்றாவது நடை.
பைக்குள் பாட்டில் கசிந்து
விண்ணப்பத்தின் ஒரு மூலை கடலில் ஊறியிருந்தது.
எழுத்தர் அதை விரலால் தூக்கிப் பிடித்துக் கேட்டார்:
"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

உறவு எது என்று கேட்பதற்கு
தேவை எது என்று கேட்கிற மொழி எங்களுடையது.
பதினோரு வருடம் ஒரே அடுப்பு.
என் டைபாய்டுக்கு அவள் வேலையை விட்டாள்.
அவள் தம்பியின் கடனுக்கு என் வளையல் போனது,
திரும்பவில்லை.
அவளில்லாத ஊர்களில்
நான் சாப்பிட மறந்துபோகிறேன்.
இதில் எது என்ன வேணும்?

தாய், மகள், சகோதரி, மருமகள்
என்று அவரே படித்துக் காட்டினார்.
தலையாட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.
"மத்தவைன்னு போட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்கம்மா."
நல்ல மனிதர். குரலில் எரிச்சல் இல்லை.
கட்டத்தை வெறுமையாய் விட்டு
அறுபத்திரண்டைக் கூப்பிட்டார்.

ஆய்வுக்கூடம் போய் நோட்டைத் திறந்தேன்.
மாசு, மாசு என்றிருந்ததையெல்லாம்
ஒரே கோடாக அடித்தேன்.
பக்கத்தில் வேறு சொல் எழுத
மணி ஆறாகும்வரை உட்கார்ந்திருந்தேன்.
வாட்ச்மேன் சாவியை ஆட்டினார்.

பாட்டிலோடுதான் வீடு வந்தேன்.
பிரிட்ஜில் மாவுக்கும் மோருக்கும் நடுவே வைத்தால்
ஜெசிந்தா மூடியைத் திறந்து மோந்தாள்,
முகத்தைச் சுளித்தாள்.
"இருட்டுல வச்சா செத்துடாதா இது?"
எடுத்துப் போய்
ஜன்னலில் என் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள்,
காலையில் வெயில் முதலில் விழும் பக்கமாய்.