கரி மாற்றும் நாள்

மோர்ஸ் தீவு. பிப்ரவரி.
கடற்கழி ஓரமாக உறைந்து கிடக்கிறது.
நாலாயிரம் பன்றிகளின் கழிவு
பச்சைக் கூடாரத்துக்குள் புளித்து
மெல்ல உப்புகிறது.

சிஸ்ஸல் கண்ணாடிக் குழலின் முனையை ஒடித்து
குழாயிலிருந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கிறாள்.
வெள்ளைப் பொடி பழுப்பேறுகிறது,
கோட்டைத் தாண்டியும்.
முதல் தொட்டி நிறைந்துவிட்டது.

நிறைந்தால் தளும்புவதற்கு இது தண்ணீர் இல்லை.
கரி அப்படியேதான் இருக்கும்
கறுப்பாக, உலர்ந்து, ஒன்றும் நடக்காதது போல.
உள்ளே மட்டும்
ஒரு துளையிலும் இனி இடமில்லை.

ஒரு சிட்டிகைக் கரியை
மடிப்பு மடிப்பாகப் பிரித்து விரித்தால்
தொழுவத்தின் கூரையையே மூடலாம் என்றான்
விற்க வந்தவன்.
பாதி நம்பினாள்.
மீதியை எஞ்சின் நம்ப வைத்தது:
போன வருஷம் காசு போதாமல்
கரி மாற்றாமல் விட்ட ஆறு வாரத்தில்
எண்ணெய் கறுத்து, பேரிங் அரித்து
ஒரு நள்ளிரவில் அது இருமி நின்றது.

நாறினால் விலகு.
நாற்றம் சட்டென நின்றுபோனால்
காற்று சுத்தமாயிற்று என்று நினைக்காதே,
செத்தது உன் மூக்கு. ஓடு.
பயிற்சியில் சொன்னது அவ்வளவுதான்.
அதனால் காலரில் ஒரு மஞ்சள் பெட்டி,
கடன் வாங்கிய மூக்கு.
சிலசமயம் காரணமே இல்லாமல் கத்தி
பன்றிகளைத் திரும்பிப் பார்க்க வைக்கும்.

வால்வைத் திருப்பி, நைட்ரஜனால் கழுவி,
வாயை வட்டமாகக் கட்டியபடி
வில்லாஸும் அவளும் கரியை இறக்கினார்கள்.
காற்றுப் பட்டதும் அது சுடத் தொடங்கும்,
விழுங்கியதெல்லாம் நினைவு வந்ததுபோல்.
வில்லாஸ் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தான்.

மாலையில் கணக்கு எழுதினாள்.
கந்தகம் ஏறிய கரி, ஆறு பீப்பாய்:
எடுத்துப்போகக் கூலி.
அதற்கு அடுத்த வரியில்
எண்ணெய்க்கடுகு வயலுக்குக் கந்தக உரம்,
பதினெட்டு மூட்டை.
புகைபோக்கிகள் கக்கிய காலத்தில்
மழையே கொண்டுவந்து கொட்டுமாம், இலவசமாக.
இப்போது வானம் சுத்தம்,
இலைகள் வெளிறுகின்றன.
பேனாவை வைத்துவிட்டு
இரண்டு வரியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
கூட்டினாள். இரண்டுமே செலவு.

படுக்கும்முன் கம்பளிச் சட்டையைக் கழற்றி
முகத்தில் அழுத்தி முகர்ந்தாள்.
முட்டை நாற்றம், லேசாக.
நல்லது.
விளக்கை அணைத்தாள்.