இரண்டாம் எண்

கவுன்சிலர் மலாக்கி டுகன் சவரம் செய்தபடி
வானொலியில் சாவுச் செய்தி கேட்கிறார்.
மூன்று பெயர் என்றால் மூன்று வீடு, மூன்று கைகுலுக்கல்.
கறுப்பு டை காரிலேயே கிடக்கிறது,
ஆட்டுப் பூச்சிமருந்துப் புட்டியோடு.

போன் எடுப்பது நான்.
ஹ்யூடியின் கிடா கல்லறைத் தோட்டத்தில் மேய்கிறது.
வளைவில் பள்ளம், பால் வண்டிக்கு அச்சு முறிந்தது.
ஒருத்திக்கு இடுப்பு ஆபரேஷன், பதினெட்டு மாதமாக வரிசையில்.
எல்லாவற்றையும் காலண்டரின் முதுகில் எழுதுகிறேன்,
கிழங்கு உரித்த ஈரக் கையோடு.

அவர் மேட்டு நிலத்துக்காரர்.
நான் துறைமுகத்தில் பிறந்தவள்.
டொனகாலில் இந்த இரண்டுக்கும் நடுவே நாலு மைல்.

போன வருஷம் இருந்தது ஒரே ஒரு வேலைக்கான காசு:
துறைமுகத்தில் மண் வாரலாம்,
இல்லையென்றால் சதுப்பு ரோட்டுக்கு வடிகால் வெட்டலாம்.
அவர் கை வடிகாலுக்கு உயர்ந்தது.
டிராக்டர்கள் இப்போது சக்கரம் புதையாமல் போகின்றன.
என் தம்பி யூனனின் படகு
கடல் வற்றிய நேரத்தில் அடிதட்டி
நண்டுக்கூடுகளோடு ஒருக்களித்துக் கிடந்தது, ஆறு மணி நேரம்.
அதன் பிறகு அவன் எங்கள் வாசல் மிதிக்கவில்லை.
கிறிஸ்துமஸுக்கு ஒரு நண்டு கொடுத்தனுப்பினான்,
உயிரோடு,
கொடுக்கைக் கட்டாமல்.

ஜூனில் தேர்தல்.
இங்கே முத்திரை குத்துவதில்லை.
பெயர்களுக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என்று
பிடித்த வரிசையில் எண் போட வேண்டும்.
பள்ளிக்கூட அறை. நூலில் கட்டிய பென்சில்.
சுவரில் பிள்ளைகள் வரைந்த திமிங்கலம், அதற்குப் புருவம்கூட உண்டு.
துறைமுகத்துப் பையன் கோனல் பாய்லுக்கு ஒன்று போட்டேன்.
கை நடுங்கும் என்று நினைத்திருந்தேன். நடுங்கவில்லை.
என் புருஷனுக்கு இரண்டு.
வெளியே, சட்டம் சொன்ன தூரத்தில், மழையில் நின்று
வருவோர் போவோருக்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருந்தார்.
எனக்கும் ஆட்டினார்.

எண்ணிக்கை மறுநாள் நள்ளிரவுவரை இழுத்தது.
ஏழாம் சுற்றில் கோனல் விழுந்தான்.
அவன் தாள்களைப் பிரித்து, இரண்டாம் எண் பார்த்துப் பார்த்து,
மேசை மேசையாகக் கொண்டுபோய் வைத்தார்கள்.
நாற்பத்தொரு தாள் மலாக்கியின் குவியலுக்கு வந்தது.
பதினாறு வித்தியாசத்தில் ஜெயித்தார்.
தோளில் தூக்கினார்கள்.
முதுகுவலிக்காரர், சிரிப்புக்கு நடுவே பல்லைக் கடித்தது
எனக்கு மட்டும் தெரிந்தது.

சதுப்பு ரோட்டில் காரை மெதுவாக்கினார்.
"துறைமுகத்துக்காரர்கள் என்னை மறக்கவில்லை, பார்த்தாயா?"
"மறக்கவில்லை."
"யார் யார் என்று தெரிந்தால் நன்றி சொல்லலாம்."
வைப்பர் போய் வந்தது. போய் வந்தது.
"மண்ணை வாருங்கள், போதும்."

கொஞ்ச தூரம் பேசவில்லை.
பிறகு, குறித்துக்கொள் என்றார்,
பென்சில் இருக்கிறதா?

இருந்தது. கைப்பையில்,
ஒரு சாண் நூலோடு.