கறை அல்ல

குவுன் டோங்கில்
பழைய பொம்மைத் தொழிற்சாலையின் ஆறாவது மாடி.
ஒரு நொடியை இருபத்து நான்காகப் பிரித்து
கறை துடைப்பது என் வேலை.
இந்த வாரம் வந்திருப்பது
ஒன்பது வயதில் நான் பதினோரு முறை பார்த்த சண்டைப் படம்.

தங்கையைக் கொன்றவர்களைத் தேடி
நாயகன் சத்திரத்துக்குள் நுழைகிறான்.
அன்று அவன் முதுகே எனக்குப் போதுமாயிருந்தது.
சோபாவிலிருந்து பாய்ந்து
அம்மாவின் சூப் கிண்ணத்தை உதைத்து உடைத்தேன்.

இன்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கையில்
அவன் உதை யார் மேலும் படவில்லை.
ஒரு சாண் இடைவெளி.
அந்தச் சாணை நிரப்பியது
ஒலிக்கூடத்தில் எவரோ பிளந்த முட்டைக்கோசு.

தங்கைக்குப் பெயரில்லை.
பட்டியல் ஓடும்போது மூன்று தரம் தேடினேன்.
குதிரை பழக்கியவர் இருக்கிறார்,
பொய்த்தாடி ஒட்டியவர் இருக்கிறார்.
நான்காம் நிமிடம் அவள் சாகிறாள்.
அப்புறம் எண்பத்தேழு நிமிடம்
எல்லாரும் அவளுக்காகத்தான் அடித்துக்கொள்கிறார்கள்,
ஒருவரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை.

மாடிப்படியில் உருளும் ஏழாவது ஆள்தான்
கிணற்றடியில் ஈட்டி பாய்ந்து சாகிறான்.
மூங்கில் காட்டில் மீசையோடு சாகிறான்.
கடைசியில் மீசையை எடுத்துவிட்டு
வில்லனுக்கு வலப்பக்கம் நின்று
கழுத்தறுபட்டும் சாகிறான்.
நான்கு சாவுக்கும் ஒரே ஜோடிச் செருப்பு,
இடது வார் அறுந்து கம்பியால் கட்டியது.

பட்டியலின் அடியில் பூஞ்சை தின்ற இடத்தில்
அவன் பெயராக இருக்கக்கூடியதில்
இடப்பக்கத்து மூன்று துளி நீர் மட்டும் மிச்சம்.
பூன் ஆகலாம். ஹூங் ஆகலாம். டோங் ஆகலாம்.
மற்றப் பாதி இல்லாமல் அது வெறும் ஈரம்.

விழுவதற்கு முன் அவன் கீழே பார்க்கிறான்,
ஒரே ஒரு சட்டகம்.
மெத்தை போட்டிருக்கிறார்களா என்று
பார்க்கிறவனின் பார்வை.
போடவில்லை.
தோள் படியில் மோதி மடங்கும் விதம்
எந்தப் பள்ளியும் கற்றுக்கொடுக்காத அசைவு.
படம் முழுக்க நிஜமாய் விழுந்த அடி அது ஒன்றுதான்.
அதற்கு மட்டும்
ஒலி சேர்க்க மறந்துவிட்டார்கள்.

வேலைத் தாளில் எழுதியிருக்கிறது:
தொங்கும் கம்பியை அழிக்கவும்.
மைக்கின் நிழலை அழிக்கவும்.
பிணம் மூச்சு விடுவதை அழிக்கவும்.

கம்பியை அழித்தேன்.
நாயகன் இப்போது பழுதில்லாமல் பறக்கிறான்.
பொய் சொல்வானேன், கை தட்டத் தோன்றியது.

படியடியில் அவன் கிடக்கிறான்.
படப்பிடிப்பு குளிர்காலத்தில் நடந்திருக்க வேண்டும்.
வாயருகே வெண்புகை,
ஐந்து சட்டகத்துக்கு வந்து போகிறது.
"துடைச்சிட்டு வா, பசிக்குது,
யார் கவனிக்கப் போறாங்க?"
பக்கத்து மேசையிலிருந்து சூட்-ஃபூங்.

தூரிகையை அதன் மேல் கொண்டுபோய்
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.
பிறகு தாளில் அந்த வரிக்கு நேரே
'கறை அல்ல' என்று தட்டிவிட்டு
மீன் உருண்டை நூடுல்ஸ் தின்ன இறங்கினேன்,
மின்தூக்கி பழுது என்பதால்
ஆறு மாடியும் படியில்,
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.