அடித்தட்டின் கீழே

லோர்னா சக்டன் வாங்கியது
யாரோ பாதியில் விட்ட படை.
காலணிப் பெட்டி இரண்டு,
பழந்துணியில் சுற்றிய பீரங்கி ஒன்று,
நூற்றுப் பன்னிரண்டு பிரஷ்யர்கள்.
அறுபத்து மூவர் நீலச் சட்டையில்.
மற்றவர்கள் ஈயத்தின் அம்மணத்தில்.

ஹாலிஃபாக்ஸில் நவம்பர்
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
கம்பளக் கிடங்கில் வேலை போய் ஏழாவது வாரம்.
சமையலறை மேசைக்கு விளக்கை இழுத்து
முதல் ஆளைக் கையில் எடுத்தாள்:
கட்டைவிரலின் மேல்கணு உயரம்,
தொப்பி, முதுகுப்பை,
எதையோ கத்தத் திறந்து
இருநூறு வருடமாய் மூடாத வாய்.

முன்னவரின் கை எப்படி என்று பார்த்தாள்.
நீலத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு கலப்பவர்.
பொத்தான் ஒன்றையும் விடாதவர்,
கண்களை மட்டும் தொடாதவர்.
குதிரை என்றால் பயம்போல,
எதற்கும் கடிவாளம் தீட்டவில்லை.
பிறர் கையுறைக்குள் விரல் நுழைப்பதுபோல
அந்தக் கைக்குள் தன் கையை நுழைத்துப் பழகினாள்.
தூரிகை நுனியை உதட்டில் கூராக்கி,
மூச்சை இரண்டு பொத்தானுக்கு ஒருமுறை விட்டு.

ஓர் இரவு ஒருவன் கவிழ்ந்து விழுந்தான்.
அடித்தட்டின் கீழே பென்சிலில், எறும்பெழுத்தில்:
பிக்கர்ஸ்கில், கணக்கு வாத்தியார்.
அடுத்தவனைத் திருப்பினாள்: ஓட்வே, பல் டாக்டர்.
அடுத்து: ஹெஸ்கெத், வாங்கியதைத் திருப்பாதவன்.
ஜெனெட், மன்னித்துவிட்டேன்
என்று எழுதி
அடித்து
மறுபடி எழுதியது.

விழுந்தவனுக்குக் கல் நட்டு
பேர் பொறித்தவர்கள் உண்டு.
இந்த மனிதர் கல்லை முதலில் எழுதி
அதன்மேலேயே ஆளை நிறுத்திவிட்டார்.
விழவேண்டியதுதான் பாக்கி.

மீதி நாற்பத்தொன்பது பேருக்கும்
பேர் வைக்க உட்கார்ந்தாள் லோர்னா.
எண்ணி எண்ணிப் பார்த்தும்
பதினொன்றுக்கு மேல் பகை தேறவில்லை.
ஐம்பத்தாறு வயதுக்கு இது குறைச்சல் என்று
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.
ஆனால் முதல் பேருக்கு யோசிக்கவில்லை:
டன்கன் ராஸ்ட்ரிக், கிடங்கு மேலாளர்.
நிமிர்ந்து பார்க்காமல்
தாளைப் பார்த்தே அனுப்பிவைத்தவர்.

அவரைக் கொடி பிடிக்க வைத்தாள், முன்வரிசையில்.
கொடியின் கழுகுக்கு மூன்று இரவு.
கன்னத்துக்கு ஒரு சிவப்பு, அதன்மேல் இன்னொரு சிவப்பு.
பகைவனுக்கு இத்தனை பொறுமையாய்
யாரும் அலங்காரம் செய்திருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை, மெதடிஸ்ட் மண்டபம்.
பச்சை விரிப்பு, பஞ்சு மரங்கள், பிஸ்கட் தட்டு.
எதிரே பிரெஞ்சுப் படையோடு ஸுல்ஃபிகார்.
பகலில் டாக்சி. அளவுநாடாவை நீட்டினால்
அரை அங்குலம் கள்ளம் கிடையாது.
பன்னிரண்டு பீரங்கியும் கொடியைப் பார்த்தே நின்றன.

மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் ராஸ்ட்ரிக் காலி.
ஒன்று விழுந்தது.
ஓட்வே போனார். ஹெஸ்கெத் போனான், கடனோடு.
இரண்டு விழுந்தது.
பிக்கர்ஸ்கில் போனார், ஜெனெட் போனாள்.
மறுபடியும் ஒன்று.
'இந்த ஆளுக்கு யார் ஓதிக் கொடுத்தது?'
என்று பகடையை உள்ளங்கையில் ஊதினார் ஸுல்ஃபிகார்.
நாலாம் சுற்றில் கொடியைச் சுற்றி
வெறும் விரிப்புத்தான்.

அப்போதுதான் கவனித்தாள்,
தான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததை.
யாருக்காக என்று கேட்டுக்கொள்ளவில்லை.

'முன்னால் தள்ளு, நாலு அங்குலம்தான்.'
லோர்னா கையை நீட்டினாள்.
தொப்பியில் சாயம் உரியாதபடி
இடுப்பைப் பிடித்துத் தூக்கி
பஞ்சுக் காட்டுக்குப் பின்னால் வைத்தாள்.
பதினான்கு புள்ளியில் தோற்றாள்.

வீட்டில், பெட்டியில் அடுக்குமுன்
ராஸ்ட்ரிக்கைத் திருப்பிப் பார்த்தாள்.
பேரை அழிக்கவில்லை.
முதுகுப்பையின் இடது வார்
நிறம் படாமல் இருந்தது.
கோட்டைக்கூடக் கழற்றாமல்
விளக்கைப் போட்டாள்.